எக்டர் லாவோ பற்றிய ‘எல் கன்தான்தே’ படம்: ஊசி தெரிகிறது, பாட்டு எங்கே?

கரிசல் வாசு:

சல்சா என்ற லத்தீன் நடன இசையைக் கேட்கிறவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2007இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘எல் கன்தான்தே’ படத்தை மறுபடியும் பார்த்தேன். லியோன் இச்சாசோ இயக்கம். சல்சா பாடகர் எக்டர் லாவோவாக மார்க் ஆண்டனி, மனைவி புச்சியாக ஜெனிஃபர் லோபஸ். மார்க் ஆண்டனியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எல்லாப் பாட்டையும் சொந்தக் குரலில் பாடியிருக்கிறார். அந்த ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, மேடையில் தோளைக் குலுக்கும் விதம் எல்லாமே பொருந்துகிறது.

ஆனால் படம் முடிந்ததும் என் மனதில் தங்கியது குளியலறை, ஊசி, சண்டை, மறுபடி ஊசி. இந்த மனிதர் ஏன் ‘பாடகர்களின் பாடகர்’ என்று கொண்டாடப்பட்டார், லத்தீன் அமெரிக்கா முழுக்க ஏன் இன்றும் இவர் படத்தை வீட்டில் மாட்டிவைக்கிறார்கள் என்ற கேள்விக்குப் படத்தில் பதிலே இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1946இல் புவெர்ட்டோ ரிக்கோவின் போன்சே நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். அங்கேயே இசைப்பள்ளியில் படித்தார். 1963இல், பதினாறு வயதில், அப்பாவின் பேச்சை மீறி நியூயார்க் போனார். அப்பா தடுத்ததற்குக் காரணம் இருந்தது: மூத்த மகனை அந்த ஊரும் போதையும் ஏற்கெனவே விழுங்கியிருந்தன. 1967இல் வில்லி கோலோன் என்ற டிராம்போன் (பித்தளை ஊதுகருவி) கலைஞருடன் ‘எல் மாலோ’ ஆல்பம். கோலோனுக்கு அப்போது பதினேழு வயது! அந்தப் பையனும் இந்தப் பையனும் சேர்ந்து ஏழெட்டு வருடத்தில் ஒரு இசையின் முகத்தையே மாற்றிவிட்டார்கள்.

படத்தில் அந்த ஏழெட்டு வருடம் வெட்டி ஒட்டிய துண்டுக் காட்சிகளாக ஓடிப்போகிறது. எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

---

நிலானி (டொராண்டோ):

வாசு அண்ணா, நல்ல இழை. உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

இந்தப் படத்தின் முதல் திரையிடல் 2006 செப்டம்பரில் எங்கள் டொராண்டோ திரைப்பட விழாவில்தான் நடந்தது. அப்போதிருந்தே இந்தக் குறையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். படத்தின் அமைப்பைக் கவனியுங்கள். 2002இல், கறுப்பு வெள்ளையில், வயதான புச்சி ஒரு பேட்டி கொடுக்கிறாள். அவள் சொல்லச் சொல்லக் கதை விரிகிறது. நிஜ புச்சியும் அதே 2002இல்தான் காலமானார். ஆக, இது ‘லாவோவின் வரலாறு’ என்ற பெயரில் வந்திருந்தாலும், அவரோடு குடும்பம் நடத்திய ஒரு பெண்ணின் சாட்சியம். அவளுக்கு மேடை தெரிந்ததைவிட மேடைக்குப் பின்னால் நடந்தது அதிகம் தெரியும். எங்கே கிடக்கிறான் என்று தேடி, எழுப்பி, சட்டை மாட்டி அனுப்பியவள் அவள். அவள் கதையில் ஊசிதான் இருக்கும்.

மகா கலைஞர்களின் வீட்டில் இருந்த பெண்கள் வாய் திறந்தால், ‘எங்கள் கலைஞனை அசிங்கப்படுத்திவிட்டாள்’ என்று ரசிகர்கள் கோபப்படுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. புச்சி நல்லவளா கெட்டவளா என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. அவளும் சேர்ந்தே போதை எடுக்கிறாள், பொய் சொல்கிறாள், கத்துகிறாள். ஜெனிஃபர் லோபஸ் தன் நட்சத்திர முகத்தைப் பார்க்காமல் அதைச் செய்தார். படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும் அவர்தான். நினைத்திருந்தால் அந்தப் பாத்திரத்தைப் பூசி மெழுகியிருக்கலாம்.

---

தாளக்கட்டு:

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் படம் எதைக் காட்டியிருக்க வேண்டும் என்று யாராவது விளக்கமாகச் சொல்ல வேண்டும். நான் முயல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஒரு சல்சா பாட்டு பெரும்பாலும் இரண்டு பகுதி. முதல் பகுதி எழுதிவைத்த பாட்டு. அதன்பின் ‘மொன்துனோ’ வரும். பியானோ ஒரே சுழலில் நிற்க, பின்பாட்டுக்காரர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். அது ‘கோரோ’. ஒரு கோரோவுக்கும் அடுத்த கோரோவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் பாடகன் அந்த நிமிடத்தில் தோன்றும் வரியை இட்டு நிரப்ப வேண்டும். அதுதான் ‘சோனெயோ’. கீழே ‘கிளாவே’ என்ற ஐந்து தட்டு இரண்டு அளவுக்குப் பரவி ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் தவறாமல் உட்கார வேண்டும், அடுத்த கோரோ தொடங்குவதற்குள் வரியை முடிக்கவும் வேண்டும்.

நம் கச்சேரியில் நிரவல் கேட்டவர்களுக்கு இது சட்டெனப் பிடிபடும். நிரவலில் சாகித்ய வரி அப்படியே நிற்க, சங்கதி மாறும். சோனெயோவில் வார்த்தையே புதிதாகப் பிறக்க வேண்டும், எதுகையோடு. இடத்தைத் தாண்டினால் அவமானம் என்பது இரண்டுக்கும் பொது.

லாவோ இதில் ராஜா. அவர் வரியைத் தாமதமாக எடுப்பார். ஐயோ, இனி இடம் இல்லை என்று நாம் நினைக்கும்போது அத்தனை வார்த்தையையும் தெளிவாக உச்சரித்து, கோரோவுக்கு ஒரு மயிரிழை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். நடுவில் கேலி, வம்பு, தெருப்பேச்சு, முன்வரிசையில் இருக்கிறவனுக்கு ஒரு குத்து. இன்னொன்று, அவர் குரலில் போன்சேயின் மலைக்கிராமப் பாட்டு இருந்தது. ‘ஹீபாரோ’ என்பார்கள், புவெர்ட்டோ ரிக்கோவின் மலைநாட்டு விவசாயி. வில்லி கோலோன் நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்த பையன், அவர் காதில் ஜாஸும் தெருச் சத்தமும் இருந்தன. ஊர் மணத்தைக் கொண்டுவந்தது லாவோ. 1970 வாக்கில் இருவரும் சேர்ந்து செய்த ‘அசால்தோ நவிதேன்யோ’ கேளுங்கள். யோமோ தோரோ ‘குவாத்ரோ’ என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கிறார். குளிர்கால நியூயார்க்கில் ஒரு தீவின் கிறிஸ்துமஸ். இன்றும் டிசம்பரில் புவெர்ட்டோ ரிக்கர்கள் இருக்கும் வீடுகளில் இது ஒலிக்கிறது.

இதையெல்லாம் சினிமாவில் காட்ட முடியாதா? முடியும். ஒரே ஒரு பாட்டை வெட்டாமல் முழுசாக ஓட விட்டிருந்தால் போதும். மேடையில் ஒரு மனிதன் யோசிப்பதை, தேடுவதை, கண்டுபிடிப்பதை நாம் பார்த்திருப்போம். மார்க் ஆண்டனிக்கு அந்தத் திறமை இருக்கிறது, அவரே சோனெயோ பாடுகிறவர். சரியாகச் சோனெயோ சூடாகும் இடத்தில் படம் கழிப்பறைக்கு வெட்டிப் போகிறது.

---

மீனா_78:

தாளக்கட்டு சார், அருமையான விளக்கம், நன்றி. ஒரு கேள்வி. இதே ஜெனிஃபர் லோபஸ் 1997இல் ‘செலினா’ படத்தில் நடித்தாரே, அது ஏன் எல்லோருக்கும் பிடித்தது? அதுவும் லத்தீன் பாடகி, அதுவும் துயர முடிவு.

---

நிலானி (டொராண்டோ):

மீனா, செலினாவைச் சுட்டது 1995 மார்ச் 31இல். படம் இரண்டே வருடத்தில் வந்துவிட்டது, காயம் ஆறாத நேரம். அப்பா ஆப்ரகாம் கின்டனீயாவே தயாரிப்பில் இருந்தார். அதனால் அது குடும்பம் தன் பிள்ளைக்கு எடுத்த நினைவுச் சின்னம். அன்பான படம், நானும் அழுதேன். ஆனால் ஒரு குடும்பம் வெளியே சொல்ல விரும்பாத எதுவும் அதில் வர வாய்ப்பில்லை.

லாவோ படத்தில் அந்தக் காவல் இல்லை. யார் கையில் கதை இருக்கிறதோ அவர்கள் நிறம்தான் படத்துக்கு வரும். செலினாவுக்கு அப்பா, லாவோவுக்கு மனைவி.

---

கரிசல் வாசு:

நிலானி, உங்கள் வாதத்தை ஏற்றுக்கொண்டே கேட்கிறேன். கதை புச்சியின் கையில் இருக்கட்டும். அப்படியானால் காசு விஷயம் எங்கே? கணவன் எவ்வளவு சம்பாதித்தான், யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்பது வீட்டுக்காரிக்குத்தானே முதலில் தெரியும்!

லாவோவின் பாட்டுகளை வெளியிட்ட கம்பெனியான ஃபானியா ரெக்கார்ட்ஸ் 1964இல் தொடங்கியது. ஜானி பச்சேக்கோ என்ற டொமினிக்க இசைக் கலைஞரும் ஜெர்ரி மசூச்சி என்ற வழக்கறிஞரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் காரில் இசைத்தட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட்டவர்கள். பத்து வருடத்தில் டீக்கோ, அலெக்ரே போன்ற போட்டிக் கம்பெனிகளும் இவர்கள் கைக்கு வந்தன. 1971 ஆகஸ்டில் மன்ஹாட்டனின் சீட்டா கிளப், 1973இல் யாங்கி ஸ்டேடியம், 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா என்று, கம்பெனியின் நட்சத்திரங்கள் சேர்ந்த ஃபானியா ஆல்ஸ்டார்ஸ் குழுவினர் உலகம் சுற்றினார்கள். எல்லாவற்றிலும் லாவோ இருந்தார்.

ராயல்டி ஒழுங்காக வரவில்லை என்று ஃபானியா கலைஞர்கள் பலர் பிறகு புகார் சொன்னார்கள். பாடகரும் பாடலாசிரியருமான ரூபன் பிளேட்ஸ் கோர்ட் வரைக்கும் போனார். 2005இல் மொத்தப் பாட்டுக் களஞ்சியமும் மயாமியில் ஒரு நிறுவனத்துக்குக் கைமாறியது, 2018இல் கான்கார்ட் வாங்கியது. பாடினவர்கள் மண்ணுக்குப் போன பிறகும் பாட்டு ஒரு சொத்தாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

படம் வந்தபோது வில்லி கோலோன் வெளிப்படையாக வருத்தப்பட்டார். கலைஞர்களைச் சுரண்டிய ஒரு தொழிலோடு எக்டர் போராடியதுதான் உண்மைக் கதை, அதை விட்டுவிட்டு இரண்டு போதை அடிமைகளின் கதையாக எடுத்துவிட்டார்கள் என்பது அவர் குறை. கூடவே நின்று வாசித்த மனிதர் சொல்கிறார், அதை நாம் லேசாகத் தள்ள முடியாது. மசூச்சியும் பச்சேக்கோவும் படத்தில் பாத்திரங்களாக வருகிறார்கள். ஆனால் கணக்குப் புத்தகம் வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1973-74 வாக்கில் கோலோன் பிரிந்ததற்கு லாவோவின் நிலைமையும் ஒரு காரணம். கச்சேரிக்கு வருவதே இல்லை, வந்தாலும் தாமதம். ‘நான் லேட்டா வரலை, நீங்கதான் சீக்கிரம் வந்துட்டீங்க’ என்று மேடையில் சொல்வாராம், கூட்டம் கை தட்டுமாம். கோலோன் பிரிந்தபோது தன் பேண்டையே லாவோவிடம் கொடுத்துவிட்டுப் போனார், அதன்பின் அவருடைய ஆல்பங்களைத் தயாரித்தும் கொடுத்தார். எவ்வளவு பெரிய மனசு! இந்த ஒரு நட்பை வைத்தே தனிப்படம் எடுக்கலாம்.

---

மரு. இளங்கோ:

நான் இசை அறிந்தவன் இல்லை, போதை மீட்பு சிகிச்சையில் வேலை பார்க்கிறேன். அதனால் ஊசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

படத்தில் ஊசி ‘அதிகம்’ என்கிறீர்கள். எனக்கு அது போதவில்லை. காரணம், ஊசியைக் காட்டினார்கள், ஆனால் ஊசியைச் சுற்றி இருந்த ஊரைக் காட்டவில்லை. ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் கொடுத்து மனிதர்களை நிலைப்படுத்தும் சிகிச்சை 1960களின் நடுவில் அதே நியூயார்க்கில்தான், ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் தொடங்கியது. அதே நியூயார்க் மாநிலத்தில் 2001 வரை மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் ஊசி வாங்க முடியாமல் இருந்தது. விளைவு, ஒரே ஊசியைப் பலர் போட்டார்கள். எய்ட்ஸ் வந்தபோது ஹார்லெம், தெற்கு பிரான்க்ஸ் போன்ற கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கப் பகுதிகள் கொத்துக் கொத்தாக வீழ்ந்தன. சுத்தமான ஊசி கொடுக்கும் சோதனைத் திட்டத்தை நகராட்சி 1988 நவம்பரில் ஆரம்பித்து, எதிர்ப்பு வந்ததும் 1990இல் மூடிவிட்டது.

லாவோவுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது 1980களின் கடைசியில் தெரிந்தது. எச்.ஐ.வி.க்கான ஏ.இசட்.டி. மருந்து 1987இல் அனுமதி பெற்றிருந்தது, ஆனால் உயிரைக் காப்பாற்றும் கூட்டு மருந்துகள் 1996இல்தான் பரவலாக வந்தன. அவர் இறந்தது 1993 ஜூன் 29. மூன்று வருட வித்தியாசம்.

எனவே ‘திறமைசாலி, ஆனால் தன்னைத் தானே அழித்துக்கொண்டான்’ என்று இந்த வகைப் படங்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவன் மட்டும் அழித்துக்கொள்ளவில்லை. கூடவே ஒரு தலைமுறை போனது, பாடத் தெரியாதவர்களும் போனார்கள். சட்டம் எங்கே நின்றது, மருத்துவமனை எங்கே நின்றது என்று ஒரு காட்சி, ஒரு வசனம் இருந்திருக்கலாம்.

---

மீனா_78:

டாக்டர் சார், இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஊசி வாங்கக்கூட மருத்துவர் சீட்டு வேண்டும் என்றால் அந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்.

---

நிலானி (டொராண்டோ):

டாக்டர் சொன்னதோடு 1987ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வருடத்தில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த அவர்கள் வீடு தீப்பிடித்தது. புச்சியின் தாய் கொலை செய்யப்பட்டார். பதினேழு வயது மகன் நண்பன் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்தான். இத்தனையும் வாங்கிய மனிதர் அடுத்த வருடம் பாட வருகிறார்.

1988 ஜூன் 25, புவெர்ட்டோ ரிக்கோவில் பயமோன் நகர அரங்கு. டிக்கெட் விற்கவில்லை என்று ஏற்பாட்டாளர் கச்சேரியை ரத்து செய்கிறார். லாவோ கேட்கவில்லை. வந்திருந்த கொஞ்சப் பேருக்காக மேடை ஏறிப் பாடுகிறார். மறுநாள் சான் ஹுவானில், கொண்டாடோ பகுதியில் ஒரு ஹோட்டலின் ஒன்பதாவது மாடியிலிருந்து விழுகிறார். உயிர் தப்பினார், ஆனால் பழைய குரல் திரும்பவில்லை. 1990இல் நியூஜெர்சியில் ஃபானியா ஆல்ஸ்டார்ஸ் மேடைக்கு அவரைக் கூட்டிவந்தார்கள், தன் புகழ்பெற்ற பாட்டான ‘மி ஹென்தே’யைப் பாட அவரால் முடியவில்லை.

அந்தப் பயமோன் இரவுக்காகவாவது வாசு அண்ணா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். தாமதமாக வருகிறவன் என்று பெயர் வாங்கிய மனிதன், கச்சேரியே இல்லை என்று சொன்ன பிறகும் நின்று பாடினான் என்றால், அவனுக்குப் பாட்டு என்னவாக இருந்திருக்கும்? புச்சியின் கண்ணால் பார்த்தாலும் அந்த இரவுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

---

தாளக்கட்டு:

நிலானி அக்கா சொன்ன இடம் முக்கியமானது. படத்தின் பெயரே எடுக்கப்பட்ட ‘எல் கன்தான்தே’ பாட்டிலும் இதுதான் விஷயம். அதை எழுதியவர் ரூபன் பிளேட்ஸ், தனக்காக வைத்திருந்த பாட்டு. வில்லி கோலோன் கேட்டுத்தான் லாவோவுக்குக் கொடுத்தார். மனநிலை சரியில்லாமல் மேடையை விட்டு ஒதுங்கியிருந்த லாவோ 1978இல் ‘கொமேதியா’ ஆல்பத்தோடு திரும்பியபோது வந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும், வயலின்கள் எல்லாம் வைத்துப் பெரிய அளவில். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் உனக்கென்ன குறை என்கிறார்கள், நான் அழுகிறேனா என்று ஒருவரும் கேட்பதில்லை என்று ஒரு பாடகன் சொல்கிறான். எழுதினவர் வேறு, ஆனால் லாவோ பாடிய பிறகு அது அவருடைய சுயசரிதை ஆகிவிட்டது.

இன்னொரு தகவல். இதே இச்சாசோ 1985இல் ‘கிராஸ்ஓவர் டிரீம்ஸ்’ என்று ஒரு படம் எடுத்தார். ஆங்கிலச் சந்தையில் பெரிய ஆளாக ஆசைப்பட்டு, பழைய நண்பர்களைக் கைவிடும் சல்சா பாடகனின் கற்பனைக் கதை. நாயகன் யார் தெரியுமா? ரூபன் பிளேட்ஸ்! சின்ன பட்ஜெட், பெரிய நட்சத்திரம் இல்லை. ஆனால் அதில் கம்பெனிக்காரன் பேசும் பேச்சு, கான்ட்ராக்ட், கைவிடப்பட்ட நண்பனின் முகம் எல்லாம் இருக்கிறது. வாசு கேட்கிற கணக்குப் புத்தகம் இந்த இயக்குநருக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருபது வருடம் கழித்து நிஜ மனிதரின் கதை கிடைத்தபோது அதைத் தொடவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

---

புதியவன்_ரா:

இழை முழுக்கப் படித்தேன், லாவோவை இதுவரை கேட்டதே இல்லை. படம் பார்த்துவிட்டுக் கேட்கலாமா, கேட்டுவிட்டுப் பார்க்கலாமா? எங்கே தொடங்குவது?

---

கரிசல் வாசு:

கேட்டுவிட்டுப் பாருங்கள் தம்பி. முதலில் ‘அகுவானிலே’. தாளமும் கோரஸும் சேர்ந்து உங்களைத் தூக்கிவிடும். அப்புறம் ‘பெரியோதிக்கோ தே அயேர்’, முடிந்துபோன காதலை நேற்றைய செய்தித்தாளாகப் பார்க்கிற பாட்டு. எழுதிய டீட்டே குரெட் அலோன்சோ தபால் துறையில் வேலை பார்த்தபடியே பாட்டு எழுதிக் குவித்தவர். உரிமைத் தகராறு ஒன்றினால் அவர் பாடல்களைப் புவெர்ட்டோ ரிக்கோ வானொலிகள் பல வருடம், 2009 வரை, போடாமலே இருந்தன. இதுவும் ஒரு படத்துக்கான கதைதான்.

---

தாளக்கட்டு:

நான் ‘மி ஹென்தே’யையும் சேர்ப்பேன், ஸ்டுடியோ பதிவைவிட ஃபானியா ஆல்ஸ்டார்ஸோடு நேரலையில் பாடியது. இது பச்சேக்கோ எழுதியது. கூட்டம் எப்படிப் பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். கூடவே 1972இல் லியோன் காஸ்ட் எடுத்த ‘அவர் லத்தீன் திங்’ ஆவணப்படமும் தேடிப் பாருங்கள். சீட்டா கிளப் கச்சேரிதான் அதன் மையம். இருபத்தி நான்கு வயது லாவோ, வியர்வையோடு, சிரித்துக்கொண்டு, கண் தெளிவாக. அதைப் பார்த்த பிறகு மார்க் ஆண்டனியைப் பார்த்தால் அவர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பதும் தெரியும், திரைக்கதை அவரை எங்கே கைவிட்டது என்பதும் தெரியும்.

---

நிலானி (டொராண்டோ):

படத்துக்கு முன்பே, 1999இல், நியூயார்க்கில் ‘எக்டர் லாவோவைக் கொன்றது யார்’ என்ற தலைப்பில் மேடை நாடகம் ஒன்று போட்டார்கள். டொமிங்கோ கின்யோனெஸ் லாவோவாக நடித்துப் பாடினார், பெரிய வரவேற்பு. டாக்டர் கேட்ட கேள்விதான் அதன் தலைப்பு.

புதியவன், பெருவின் கயாவோ துறைமுகத்தில் லாவோவின் படத்தைச் சுவர் சுவராக வரைந்து வைத்திருக்கிறார்கள். 1986இல் லிமாவுக்கு வந்து பாடிய சில இரவுகள் போதுமாக இருந்தது அந்த ஊருக்கு. புச்சி இறந்த 2002இல் பிரான்க்ஸ் கல்லறையிலிருந்து லாவோவையும் மகனையும் எடுத்துப்போய்ப் போன்சேயில், புச்சியோடு சேர்த்து அடக்கம் செய்தார்கள். இதையும் தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள். பார்த்த பிறகு இங்கே வந்து எழுதுங்கள், புச்சி பக்கம் நிற்க எனக்கும் ஒரு ஆள் வேண்டும்.